மூக்கிரட்டையும் நாற்பது பேரும்

நெடுங்குகையில் இரண்டு பேர் சந்தித்தால் முதலில் இடது மணிக்கட்டைத் திருப்பிக் காட்டிக்கொள்வார்கள். சாப்பிட்டாயா, தூங்கினாயா என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். மணிக்கட்டில் தோலுக்கு அடியில் அரிசி அளவில் ஒரு தணலி பதிக்கப்பட்டிருக்கும். உடம்புக்குள் அழற்சி எவ்வளவு இருக்கிறது என்பதை அது ஓர் எண்ணாகத் தோலின் மேல் ஒளிரவைக்கும். முப்பதுக்குக் கீழே பச்சை. அதற்கு மேல் மஞ்சள். அறுபதைத் தொட்டால் சிவப்பு.

செவ்வாயின் தரைக்கு அடியில், என்றோ எரிமலைக் குழம்பு ஓடி வடிந்த அந்தக் குகைக்குள் நானூறு பேர் வாழ்ந்தார்கள். மேலே ஏறிப் போய் வேலை செய்கிறவர்களை விண்கதிர் துளைத்தது. கதிர் பட்ட உடம்பில் அலைவிகள் பெருகின. அலைவி என்பது ஓர் எலக்ட்ரானை இழந்துவிட்டு, அதை எங்கேயாவது பிடுங்கிக்கொள்ள அலைகிற மூலக்கூறு. அது பிடுங்கிய இடம் புண்ணாகும், வீங்கும், சுடும். ஆண்டுக்கணக்கில் இது நடந்தால் மூட்டுகள் முதலில் போகும்.

இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை பூமியிலிருந்து கப்பல் வரும். அது வரும் நாளின் காலையில் யாருடைய தணலி அறுபதோ அதற்கு மேலோ காட்டுகிறதோ, அவர்களுக்கு ஓய்வு கொடுக்கப்படும். ஓய்வு என்றால் திருப்பி அனுப்புவது. செவ்வாயின் மெல்லிய ஈர்ப்புக்குப் பத்து ஆண்டு பழகிவிட்ட எலும்பும் இதயமும் பூமியின் ஈர்ப்பைத் தாங்காது என்று குகையில் எல்லோருக்கும் தெரியும். போனவர்களில் ஒருவரும் ஓராண்டுக்கு மேல் கடிதம் எழுதியதில்லை. ஆனாலும் விதிப்புத்தகத்தில் அதற்குப் பெயர் ஓய்வுதான்.

"ஏட்டி எழினி, இங்க பாரு. ஐம்பத்தேழு." ஜெசிந்தா மணிக்கட்டை நீட்டினாள். "போன வாரம் ஐம்பத்தஞ்சு. ஏறத்தான் தெரியுது இதுக்கு, எறங்கத் தெரிய மாட்டேங்கு."

ஜெசிந்தா தூத்துக்குடிக்காரி. பதினோரு ஆண்டாகச் சுரங்கத்தில் துளைபொறி ஓட்டுகிறவள். விரல் மூட்டுகள் இஞ்சி போலப் புடைத்திருந்தன. தேநீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துத்தான் குடிப்பாள். கப்பல் வர ஆறு மாதம் இருந்தது.

எழினி அதிகம் பேசாதவள். தாவர வேதியியல் படித்துவிட்டு, குகையின் பயிர்க்கூடத்தை ஒட்டிய சிறு ஆய்வகத்தில் வேலைக்கு வந்து மூன்று ஆண்டாகிறது. வந்த புதிதில் நாற்பது நாள் வாந்தியும் தலைசுற்றலுமாகக் கிடந்தவளுக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்து, முதுகைத் தடவிவிட்டவள் அறைத்தோழியான ஜெசிந்தாதான். அதைப் பற்றி எழினி அவளிடம் ஒரு நாளும் நன்றி சொன்னதில்லை. சொல்ல வரவில்லை. வேறு எதையாவது செய்ய நினைத்தாள்.

அவள் செய்ய நினைத்தது ஒரு களையை வைத்து.

பயிர்க்கூடத்தின் தட்டுகளில் தக்காளிக்கும் வெந்தயத்துக்கும் நடுவே மூக்கிரட்டை முளைத்துக்கொண்டிருந்தது. யாரும் விதைத்ததில்லை. அதன் விதை பிசுபிசுவென்று எதிலும் ஒட்டும். யாரோ ஒருவருடைய கால்சட்டையில் ஒட்டிக்கொண்டு இருபது கோடி கிலோமீட்டர் வந்திருக்க வேண்டும். தண்ணீரை உறிஞ்சுகிறது என்று அதை வாரம் ஒரு முறை பிடுங்கி உரக்குழிக்கு அனுப்புவார்கள். எழினி உரக்குழிக்குப் போகும் கூடையிலிருந்து ஒரு பிடியை எடுத்துக்கொண்டாள்.

இலையை நிழலில் காயவைத்துப் பொடித்தாள். எரிசாராயத்தில் இரண்டு நாள் ஊறவைத்து வடிகட்டினாள். வெற்றிடக் குடுவையில் சாராயத்தை ஆவியாக்கியதும் அடியில் கரும்பச்சையாக ஒரு பசை தங்கியது. அலைவிகள் நிரம்பிய ஊதாக் கரைசலில் அந்தப் பசையைக் கரைத்து ஒரே ஒரு சொட்டு விட்டாள். அலைவிகளுக்கு வேண்டிய எலக்ட்ரானைச் சாறு கொடுத்துவிட்டால் அவை அடங்கும், ஊதா வெளுத்து மஞ்சளாகும். அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பது பாடம். நான்கு நிமிடத்தில் மஞ்சளாகிவிட்டது. அவள் புதிய குழாயில் மறுபடி செய்தாள். ஏழு முறை செய்தாள்.

அடுத்தது அழற்சிக்கான சோதனை. தன் விரலைக் குத்தி ரத்தம் எடுத்தாள். உப்புக் குறைந்த நீரில் சிவப்பணுக்கள் ஊதி வெடிக்கும், நீர் சிவக்கும். சாறு கலந்த குழாயில் அணுக்கள் வெடிக்காமல் அடியில் படிந்தன. மேலே நீர் தெளிந்து நின்றது. அழற்சியின்போது திசுவில் நடக்கிற சேதத்தை இந்தச் சாறு தடுக்கக்கூடும் என்பதற்கு அது முதல் சான்று. பிறகு குடுவையில் வளர்த்த மனிதத் தோலில் பார்த்தாள். வீக்கம் பாதியாகக் குறைந்தது.

மனிதருக்குக் கொடுக்க நடுவனின் அனுமதி வேண்டும். நடுவன் குகையின் மருந்துகளைத் தீர்மானிக்கிற பொறி. அதற்குக் கோபம் வராது, சிபாரிசும் எடுபடாது. ஒப்பிட்டுப் பார்க்காத எதையும் அது நம்பாது.

"நாற்பது பேரைத் தெரிவு செய்க," என்றது நடுவன். "இருபது பேருக்கு அரிசி மாவில் கலந்த சாறு. இருபது பேருக்கு வெறும் அரிசி மாவு. இரண்டும் ஒரே நிறக் கேப்சூல் உறையில் இருத்தல் வேண்டும். எவருக்கு எது என்பதை நான் மட்டுமே அறிவேன். அறுபது நாள் கழித்து இரு குழுவுக்கும் உள்ள வேறுபாட்டை அளப்பேன். வேறுபாடு இருப்பின் மருந்து. இல்லையேல் களை."

நாற்பது பேரும் சுரங்கப் பிரிவிலிருந்து வந்தார்கள். எல்லோருக்கும் ஐம்பதைத் தாண்டிய எண். அவரவர் பெயர் எழுதிய பொட்டலத்தில் நாளுக்கு இரண்டு கேப்சூல். அதை ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா என்று பார்த்துத் தினமும் கையெழுத்துப் போட ஒரு பொறுப்பாளர் வேண்டும். எழினி யோசிக்கவே இல்லை. ஜெசிந்தாவைப் போட்டாள். குகை முழுவதிலும் அவள் முழுதாக நம்பியது அந்த ஒருத்தியைத்தான்.

கூட்டத்தில் எழுந்து நின்று விதிகளைச் சொல்வதற்குள் எழினிக்கு வியர்த்துவிட்டது. யாருக்கு மருந்து, யாருக்கு மாவு என்பது தனக்கே தெரியாது என்றாள். ஒருவர் பொட்டலத்தை இன்னொருவர் தொடக் கூடாது என்றாள். எல்லோரும் தலையாட்டினார்கள். பின்வரிசையில் யாரோ, "பாவம், பயப்படுது பிள்ளை," என்று சொன்னது அவள் காதில் விழுந்தது.

இருபதாம் நாள் எண்கள் இறங்கத் தொடங்கின. சாப்பாட்டுக்கூடத்தில் ஆட்கள் மணிக்கட்டை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்துக்கொண்டார்கள். நடுவன் ஒவ்வொருவரையும் தனித்தனியாக விசாரித்தது.

"மருந்து நல்லா கேக்குது," என்றார் ஒருவர்.

"எதைக் கேட்கிறது?" என்றது நடுவன்.

அந்தக் கதை ஒரு வாரம் சுரங்கத்தில் ஓடியது. துளைபொறி நின்றுபோனால்கூட, "என்னமோ கேக்குதுப்பா," என்று சிரித்தார்கள். எழினியும் சிரித்தாள். அவள் வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் பலர் பார்த்தார்கள்.

அறுபத்தொன்றாம் நாள் நடுவன் தீர்ப்பை வாசித்தது.

"சாறு உண்ட இருபதின்மரின் எண் சராசரியாகப் பதினொன்று குறைந்தது. மாவு உண்ட இருபதின்மரின் எண்ணும் சராசரியாகப் பதினொன்று குறைந்தது. வேறுபாடு இல்லை. எனவே மூக்கிரட்டைச் சாறு பயனற்றது."

எழினி நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

நடுவன் நிறுத்தவில்லை. "எனினும் நாற்பதின்மரும் நலம் பெற்றனர். குகையின் பிறர் நலம் பெறவில்லை. நாற்பதின்மருக்கும் பொதுவாக இருந்தவை இரண்டு: அரிசி மாவு, உறை. அரிசியைக் குகையில் அனைவரும் நாள்தோறும் உண்கின்றனர். எனவே பயன் தந்தது உறை. கடற்பாசியால் செய்த இவ்வுறையை மருந்தென அங்கீகரிக்கிறேன். நாளை முதல் வெற்றுறை அனைவருக்கும் வழங்கப்படும். மூக்கிரட்டைக்கு இனி நீர் இல்லை. ஆய்வகம் பூட்டப்படும். ஆய்வாளர் சமையற்கூடத்துக்கு மாற்றப்படுவார்."

கணக்கில் பிழை இல்லை. அதுதான் எழினியை வாட்டியது. ஆய்வகத்தைப் பூட்ட இரண்டு நாள் தவணை இருந்தது. நாற்பது பேருடைய சிறுநீர் மாதிரிகள் குளிர்பெட்டியில் இருந்தன. மூக்கிரட்டையில் மட்டுமே இருக்கிற ஒரு சேர்மத்தை அவற்றில் தேடினாள். சாறு சாப்பிட்டவர்களிடம் அது இருக்கும், மாவு சாப்பிட்டவர்களிடம் இருக்காது.

நாற்பது மாதிரிகளிலும் இருந்தது. நாற்பதிலும் ஏறக்குறைய ஒரே அளவு. இருக்க வேண்டியதில் சரிபாதி.

அவள் அறைக்குப் போனபோது ஜெசிந்தா கட்டிலில் உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருந்தாள். சீப்பைப் பிடிக்க விரல் மடங்கியிருந்தது. மணிக்கட்டில் நாற்பத்தாறு.

"அக்கா, உங்க பொட்டலத்துல இருந்ததை நீங்க மட்டும்தானே சாப்பிட்டீங்க?"

"ஆமா." சீப்பு நின்றது. "மட்டும்னா? அது எப்படிட்டி மட்டும்?"

ஜெசிந்தா சீப்பைக் கட்டிலில் வைத்துவிட்டுத் தொடர்ந்தாள்.

"இருவது பேருக்கு மருந்து, இருவது பேருக்கு மாவுன்னு நீதான சொன்ன. யாருக்கு எதுன்னு உனக்கே தெரியாதுன்னும் நீதான் சொன்ன. அது என்ன நியாயம்? பக்கத்துல ஒருத்தன் மாவைத் தின்னுட்டு நோவுல கெடப்பான், நான் ஒக்காந்து மருந்து முழுங்கவா? தொண்டையில எறங்குமா? அதான், நாப்பது பொட்டலத்தையும் பிரிச்சி ஒரே டப்பால கொட்டிட்டோம். நல்லா குலுக்கிவிட்டு, தெனமும் ஆளுக்கு ரெண்டு. யாருக்கு என்ன வருதோ அது அவன் பாடு. மறுநா மாறி வரும்லா."

"தினமும் கையெழுத்துப் போட்டீங்களே அக்கா."

"ஆளுக்கு ரெண்டு சாப்பிட்டாங்களா? சாப்பிட்டாங்க. அதுக்குத்தான கையெழுத்து. அதுல என்ன பொய்?"

ஜெசிந்தா முகத்தில் கொஞ்சம்கூடக் கள்ளம் இல்லை. செய்த நல்ல காரியத்தைச் சொல்லிக்காட்ட நேர்ந்த கூச்சம்தான் இருந்தது. எழினி கதவை ஒட்டித் தரையில் உட்கார்ந்தாள். பாதி அளவிலேயே பதினொன்று குறைந்திருக்கிறது. முழு அளவு கிடைத்திருந்தால் இருபது குறைந்திருக்கலாம். ஒருவேளை அதற்கும் மேல். அந்தக் கணக்கை நிறுத்த முடியாமல் மனம் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தது.

"நடுவன்கிட்ட வந்து சொல்லுங்க," என்றாள். "கலந்துட்டோம்னு சொல்லுங்க. நான் சொன்னா மட்டும் போதாது, சாப்பிட்டவங்கள்ல ஒருத்தராவது ஒத்துக்கணும். அப்பதான் மறுபடி சோதனை வைக்கும்."

"சொல்லலாம். சொன்னா விதியை மீறுன நாப்பது பேரையும் கப்பல்ல ஏத்தும். எண்ணு என்னன்னுகூடப் பார்க்காது. உனக்குத் தெரியாதா?"

தெரியும். விதிப்புத்தகத்தில் அது பதினாறாம் பக்கம்.

"வெறும் உறையில ஒண்ணும் இல்ல அக்கா. உங்க எண் மறுபடி ஏறும்."

"ஏறுனா பாத்துக்கிடலாம். இப்ப எறங்கியிருக்குலா? உறையோ இலையோ, எறங்குனா சரி." ஜெசிந்தா எழுந்து வந்து அவள் தலையில் கைவைத்தாள். "பேரு போச்சேன்னு வருத்தம் ஒனக்கு. எனக்குப் புரியுது. விடு. சின்னப் பிள்ளை, இன்னொண்ணு கண்டுபிடிப்ப."

எழினி அந்தக் கையைத் தட்டிவிடவில்லை. தட்டிவிட வேண்டும் போல இருந்தது.

மறுநாள் அவள் தனியாக நடுவனின் அறைக்குப் போனாள். மாதிரிகளில் கண்டதைச் சொன்னாள். நடுவன் கேட்டுவிட்டு, "கலந்தவர் யார்? பெயர் கூறுக," என்றது. பெயர் அவள் நாக்கின் நுனி வரை வந்தது. அவளை ஏமாற்றியவளின் பெயர்தான். அதைச் சொன்னால் உண்மை பிழைக்கும், ஜெசிந்தா கப்பலில் ஏறுவாள். அந்த உண்மையை அவள் தேடியது ஜெசிந்தா கப்பலில் ஏறக் கூடாது என்பதற்காக.

"பெயர் இல்லையேல் புகார் இல்லை," என்றது நடுவன். அவள் வெளியே வந்தாள்.

சமையற்கூடத்தின் தலைவர் சாகுல் பாய் கலகலப்பான மனிதர். "வாம்மா ஆராய்ச்சி. இங்கயும் அதே வேலைதான். ஊறவை, வடிகட்டு, சுண்டக் காய்ச்சு. பேரு மட்டும் ரசம்," என்று அவள் கையில் கரண்டியைக் கொடுத்தார். கடற்பாசி உறை செய்கிற பொறியையும் நடுவன் அங்கேதான் வைத்திருந்தது. உறை ஒவ்வொன்றிலும் நடுவனின் சின்ன முத்திரை அச்சாகியிருக்கும். காலையில் இரண்டு, வரிசையில் நிற்கிற ஒவ்வொருவர் தட்டிலும் எழினியே வைத்தாள். காற்று அடைத்த இரண்டு உறைகள். ஆட்கள் அதைப் பயபக்தியோடு விழுங்கித் தண்ணீர் குடித்தார்கள்.

நாற்பது பேருடைய எண்கள் ஏறின. ஜெசிந்தாவுக்கு ஐம்பது, பிறகு ஐம்பத்துமூன்று.

நடுவன் உடனே கண்டுபிடித்தது. "அளவு போதவில்லை. நாளுக்கு நான்கு உறை." அடுத்த மாதம் ஐம்பத்தாறு ஆனதும், "ஆறு உறை."

நீர் நிறுத்தியும் மூக்கிரட்டை சாகவில்லை. தக்காளிக்கு விடுகிற தண்ணீரில் திருடிக் குடித்து வளர்ந்தது. பிடுங்கிய களை உரக்குழிக்குப் போகும் வழியில் சமையற்கூடத்தின் பின்வாசலைத் தாண்டித்தான் போகும். எழினி ஒரு கூடையை இறக்கி, இலைகளை ஆய்ந்து கழுவி, பாசிப்பருப்போடு கடைந்து, பூண்டு தட்டிப் போட்டுத் தாளித்தாள். ஒரு கிண்ணம் முழுக்கச் சாப்பிட்டால் அரை கேப்சூல் அளவுக்காவது உடம்பில் சேரும் என்று கணக்குப் போட்டிருந்தாள். சாகுல் பாய் ருசி பார்த்துவிட்டு, "லேசாக் கசக்குது. ஆனா மோசமில்ல," என்றார். அதுவரை களை என்று குகையில் ஒருவரும் தின்னாததால் அதைத் தின்னக் கூடாது என்று விதியும் இல்லை.

அன்று நானூறு தட்டுகள் திரும்பின. முந்நூற்றுத் தொண்ணூறில் கீரை அப்படியே இருந்தது. சிலர் கறிவேப்பிலையை ஒதுக்குவது போலத் தட்டின் ஓரத்தில் அழகாக ஒதுக்கியிருந்தார்கள். சிலர் மேலே எலும்புத்துண்டைப் போட்டு மூடியிருந்தார்கள். ஜெசிந்தா திருப்பிக் கொண்டுவந்த தட்டிலும் கீரை இருந்தது.

"அக்கா, அதைச் சாப்பிடுங்க. உங்களுக்காகத்தான் வச்சேன். இந்த இலைதான் அன்னிக்கு உங்க எண்ணை இறக்குச்சு."

"கீரை தின்னா சரியாயிடும்னா, நான் எதுக்குட்டி இத்தனை வருசம் நோவுல கெடக்கேன்?" ஜெசிந்தா சிரித்தாள். "ஊர்ல எங்க அம்மை பின்னாலயே கிண்ணத்தைத் தூக்கிட்டு வருவா. அங்கயே தின்னதில்ல. செவ்வாய்க்கு வந்தா திங்கப்போறேன்?"

மூன்று நாள் வைத்தாள். நான்காம் நாள் சாகுல் பாய் வருத்தத்தோடு அவளை அழைத்தார். "நீரையும் எரிசக்தியையும் வீணாக்குறோம்னு மேல இருந்து கேள்வி வந்துருக்கும்மா. இனிமே வேணாம்." களையைச் சமைக்கக் கூடாது என்று மறுநாள் விதி வந்தது.

கப்பல் வர இருபத்தைந்து நாள். ஜெசிந்தாவுக்கு ஐம்பத்தெட்டு.

எழினிக்கு ஒரு வழி தோன்றியது. இத்தனை எளிதான வழி ஏன் முன்பே தோன்றவில்லை என்று வெட்கப்பட்டாள். உறை அவள் கையில்தான் இருக்கிறது. உள்ளே ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாத இடத்தில் எதையாவது வைக்கலாம். அங்கீகாரம் பெற்ற உறை, முத்திரை உள்ள உறை, குகையே நம்பி விழுங்குகிற உறை.

மதியச் சமையல் முடிந்து சாகுல் பாய் தொழப் போகிற நேரத்தில் அவள் களைக்கூடையை உள்ளே இழுப்பாள். வெற்றிடக் குடுவை இல்லை, சாராயம் இல்லை. குக்கரில் தண்ணீரோடு கொதிக்கவைத்து, வடிகட்டி, அகலத் தட்டில் ஊற்றி இளஞ்சூட்டில் மொறுமொறுவென்று காயவைத்தாள். சுரண்டினால் பழுப்புப் பச்சையில் தூள் வந்தது. ஒரு நாளுக்கான முழு மருந்தும் ஆறு உறையில் அடங்கியது. நாற்பது பேருக்கான உறைகளில் மட்டும் அதை நிரப்பித் தனியாக வைத்து, அவர்கள் வரும்போது தட்டில் போட்டாள். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னதால்தானே எல்லாம் கெட்டது.

ஒரு வாரத்தில் எண் இறங்க வேண்டும். இறங்கவில்லை.

கொதியில் சேர்மம் சிதைந்திருக்குமோ என்று சந்தேகம் வந்தது. ஆய்வகத்தைப் பூட்டும் முன் ஒரு சிறு குப்பியில் ஊதாக் கரைசலை எடுத்து வைத்திருந்தாள். தூளைக் கரைத்து ஒரு சொட்டு விட்டாள். ஐந்து நிமிடத்தில் மஞ்சள். சாறு சரியாகத்தான் இருந்தது. அளவைக் கூட்டினாள். உறையில் காற்றுப் புகாதபடி அழுத்தி அழுத்தி நிரப்பினாள். தினமும் நாற்பது மணிக்கட்டுகளைத் தூரத்திலிருந்து பார்த்தாள், ஜெசிந்தாவுடையதைத்தான் அதிகம். ஐம்பத்தெட்டு. ஐம்பத்தெட்டு. ஐம்பத்தொன்பது.

தான் படித்ததெல்லாம் பொய்யோ என்று அவளுக்கு முதல் முறையாகத் தோன்றியது. ஒருவேளை நடுவன் சொன்னதுதான் சரியோ. ஒருவேளை இலையில் ஒன்றும் இல்லையோ. அந்த நினைப்பு, ஜெசிந்தா டப்பாவைப் பற்றிச் சொன்ன அன்று வலித்ததைவிட அதிகமாக வலித்தது.

கப்பலுக்கு ஒன்பது நாள் இருந்தபோது பரிமாறுகிற ஆள் ஒருவருக்கு உடம்பு முடியவில்லை. மேசைகளைத் துடைக்க எழினி சாப்பாட்டுக்கூடத்துக்குள் போனாள். பரிமாறும் இடத்தில் நீட்டிய தட்டுகளை மட்டுமே பார்த்துப் பழகியவள், ஆட்கள் சாப்பிடுவதை அருகிலிருந்து பார்த்தது அன்றுதான்.

சுரங்கப் பிரிவின் நீள மேசை. நாற்பது பேரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். காலைக் கஞ்சியைத் தொடுவதற்கு முன் ஒவ்வொருவரும் உறையை எடுத்து இரண்டாகப் பிரித்தார்கள். கவிழ்த்துத் தட்டினார்கள். பழுப்புப் பச்சைத் தூள் மேசையில் கொட்டியது. காலி உறையை மூடி வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார்கள். மேசை நெடுக ஆளுக்கொரு சிறு குவியல்.

மேசைத் தலையில் ஜெசிந்தா. விரல் மூட்டுகள் ஒத்துழைக்காததால் பல்லில் கடித்து உறையைப் பிரித்துக்கொண்டிருந்தாள். எழினியைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"ஏட்டி, நல்ல நேரத்துல வந்த, ரூம்ல சொல்லணும்னு நெனச்சு நெனச்சு மறந்துபோகுது. உங்க பொறியில என்னமோ கோளாறு, கேட்டியா? கொஞ்ச நாளா உறைக்குள்ள தூசி அடைஞ்சு வருது. மத்தவங்களுக்கு இல்ல, எங்களுக்குத்தான் இந்தக் கர்மம். நான் மொத நாளே பாத்துட்டேன். எல்லாருக்கும் சொல்லிட்டேன், தட்டிச் சுத்தம் பண்ணாம ஒருத்தரும் முழுங்கக் கூடாதுன்னு. தெனமும் நின்னு பாத்துட்டுத்தான் சாப்பிட விடுதேன்."

எழினி அவள் பக்கத்தில் குனிந்தாள்.

"அக்கா. அது தூசி இல்ல. அதுதான் மருந்து. நான்தான் போட்டேன்."

ஜெசிந்தா அவளையே பார்த்தாள். பிறகு இருபுறமும் பார்த்துவிட்டு, அவள் மணிக்கட்டைப் பிடித்து மெதுவாக அருகே இழுத்தாள். கண்ணில் கோபம் இல்லை. கஞ்சி வைத்துக் கொடுத்த நாற்பது நாளும் அந்தக் கண்ணில் இருந்த அதே இரக்கம்தான்.

"இன்னும் அதையே நெனச்சிட்டு இருக்கியாட்டி? சத்தமாச் சொல்லாத, யாராவது நடுவன்கிட்ட சொல்லிப்புடுவான். நான் ஒருத்தர்கிட்டயும் மூச்சுவிட மாட்டேன்."

"உங்களுக்கு இன்னும் ஒரு எண்ணுதான் பாக்கி. தயவுசெஞ்சு இதை எடுத்து வாயில போடுங்க. ஒன்பது நாள் இருக்கு. போதும்."

ஜெசிந்தா தட்டிலிருந்த இன்னொரு உறையை எடுத்து, விளக்குக்கு நேரே பிடித்து, அதன் பக்கவாட்டில் இருந்த சின்ன அச்சைக் கட்டைவிரலால் காட்டினாள்.

"முத்திரை இதுக்குத்தான இருக்கு? தூசிக்கு இல்லல்லா."

அவள் உறையைப் பல்லில் கடித்துப் பிரித்தாள். கவிழ்த்துத் தட்டினாள். ஓரத்தில் இன்னும் கொஞ்சம் ஒட்டியிருந்தது. அதையும் ஊதித் துடைத்து, கண்ணை மூடிச் சிலுவை போட்டுக்கொண்டு, வாயில் போட்டாள்.